எளிமையும் உடைமையும்

மியூசியங்களைப் பற்றி நம்மிடையே விமர்சனம் இல்லை. புத்தகத்தை விமர்சிக்கிறோம், சினிமாவை விமர்சிக்கிறோம். ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு, அதில் சில பொருட்களை வைத்து, சிலவற்றை வைக்காமல் விட்டு, நடந்தது இதுதான் என்று அரசாங்கம் சொல்லும்போது மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டுப் பேசாமல் ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடுகிறோம். மியூசியமும் ஒரு பிரதிதான். அதற்கும் ஒரு பார்வை உண்டு, நடை உண்டு, சொல்லாமல் விடுவதில் ஒரு சாமர்த்தியம் உண்டு. படித்துப் பார்க்க வேண்டியது நம் வேலை.

விருதுநகரில் காமராஜின் வீடு நினைவில்லமாக இருக்கிறது. பஜாரின் வற்றல் நெடியையும் எண்ணெய் வாடையையும் தாண்டிக் குறுகிய தெருவுக்குள் போனால் சிறிய வீடு. உள்ளே புகைப்படங்கள், அவர் புழங்கிய பொருட்கள். நான் இந்த மாவட்டத்தில் தேசியமயமாக்கப்பட்ட வங்கி ஒன்றில் குமாஸ்தா. விருதுநகருக்கு வேலையாக வரும்போதெல்லாம் அந்த வீட்டுக்குப் போவது ஒரு பழக்கமாகிவிட்டது. கடைசியாகப் போனபோது அம்மாவையும் அழைத்துப் போனேன்.

அம்மா சாத்தூர்ப் பக்கத்துக் கிராமம். 1965-இல் பிறந்தவள். மூன்றாம் வகுப்புவரை பள்ளிக்கூடம், மத்தியானச் சோறு. அதன்பின் தீப்பெட்டி ஆபீஸ். குச்சிகளைச் சட்டத்தில் ஒவ்வொன்றாக வரிசைப்படுத்திக் கட்டை அடுக்குவது, பெட்டி ஒட்டுவது, லேபிள் ஒட்டுவது. அந்த வீட்டின் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு அம்மா, “இவருக்குன்னு ஒண்ணுமே இல்லையேப்பா” என்றாள். குரலில் நிஜமான மரியாதை இருந்தது. வெளியே வந்து செருப்பை மாட்டும்போது, “அப்ப எல்லாம் யார்கிட்ட இருந்துச்சு?” என்று கேட்டாள்.

முதல் வாக்கியம் அந்த வீடு எல்லோரையும் சொல்லவைக்கும் வாக்கியம். இரண்டாவதை அந்த வீடு எதிர்பார்க்கவில்லை. எனக்கு எழுத வேண்டியிருப்பது இரண்டாவதைப் பற்றி.

காமராஜ் 1954 ஏப்ரலில் முதலமைச்சரானார். ஒன்பது மாதம் கழித்து, 1955 ஜனவரியில், சென்னைக்கு வெளியே ஆவடியில் காங்கிரஸ் மகாசபை கூடி, ‘சோஷலிஸ பாணி சமுதாயம்’ தன் லட்சியம் என்று தீர்மானம் போட்டது. 1963 அக்டோபர் 2-இல் அவர் பதவியை விட்டார். 1964 ஜனவரியில் புவனேஸ்வரத்தில் அவர் தலைமையில் கூடிய காங்கிரஸ் ‘ஜனநாயக சோஷலிஸம்’ என்ற சொல்லுக்கு வந்து சேர்ந்தது. அந்த மேடைக்கு வந்திருந்த நேரு அங்கேயே நோயில் விழுந்தார். மே 27-இல் காலமானார். இந்தியா சோஷலிஸம் பேசிய காலத்தின் இரு முக்கிய தருணங்களிலும் விருதுநகர்க்காரர் ஒருவர் நடுவில் நிற்கிறார். ஒரு தேசத்தின் சோஷலிஸ காலத்தை மியூசியத்தில் வைப்பதென்றால், தமிழ்நாட்டில் அதற்கு இந்த வீட்டைவிடப் பொருத்தமான இடம் கிடையாது.

ஆனால் சோஷலிஸம் என்பது உடைமை பற்றிய கேள்வி. நிலம் யாருடையது, ஆலை யாருடையது, லாபம் யாருக்கு என்று கேட்பது. நினைவில்லம் என்ற வடிவம் இதைக் கேட்க முடியாத வடிவம். அது ஒரு மனிதனைக் காட்டும். அவன் சட்டையைக் காட்டும். அவன் எவ்வளவு குறைவாக வைத்திருந்தான் என்று காட்டும். அதன் பயனாக உடைமை பற்றிய கேள்வி, உடைமையே இல்லாத ஒருவரின் கதையாகிவிடுகிறது. தாயார் சிவகாமி அம்மாள் வீட்டுக்கு நகராட்சி தனியாகப் போட்டுக்கொடுத்த தண்ணீர்க் குழாயைக் காமராஜ் எடுக்கச் சொன்னார் என்ற கதை நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அது நல்ல கதை. ஆனால் அந்தத் தெருவில் மற்ற வீடுகளுக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியை அது விழுங்கிவிடுகிறது. கொள்கையாக இருந்தது குணமாகிவிட்டது. குணத்தைக் கும்பிடலாம், விவாதிக்க முடியாது. நம் ஆட்சியாளர்களுக்கும் இது சௌகரியம்தான். காமராஜின் எளிமையைப் புகழாத கட்சி இன்று தமிழ்நாட்டில் இல்லை. அதனால் எவருக்கும் எந்தச் செலவும் இல்லை.

எளிமையை இப்படித் தனியே பிரித்தெடுத்து வைப்பதில் அந்த மனிதருக்கும் அநியாயம் நடக்கிறது. காமராஜ் படித்தது க்ஷத்திரிய வித்யாசாலா. 1889-இல் விருதுநகர் நாடார்கள் தொடங்கிய பள்ளி. வியாபாரத்தில் இவ்வளவுக்கு இவ்வளவு என்று உறவின்முறைக்குச் செலுத்தும் மகமையிலும், வீட்டுக்கு வீடு எடுத்துவைத்த பிடியரிசியிலும் வளர்ந்தது. கோயிலுக்குள் விடப்படாத ஒரு சமூகம் தன் லாபத்தில் ஒரு பகுதியைப் பொதுவாக்கித் தனக்கென்று பள்ளிகளைக் கட்டிக்கொண்டது. அந்தப் பள்ளியிலிருந்தும் சிறுவயதிலேயே விலகி, தாய்மாமனின் துணிக்கடைக்குப் போனவர் காமராஜ். 1956-இல் அவர் அரசாங்கம் பள்ளிகளில் போட்ட மதிய உணவைப் பிடியரிசியின் தொடர்ச்சியாகப் படிக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. சாதியின் எல்லைக்குள் இருந்த பொது உடைமையைச் சாதிக்கு வெளியே கொண்டுவந்த காரியம் அது. அம்மா மூன்று வருஷம் சாப்பிட்டது அந்தச் சோறு. இதைச் சொல்லாமல் ‘ஏழைப் பங்காளர்’ என்று மட்டும் சொல்லும்போது, வரலாற்றிலிருந்து வந்த ஒரு காரியம் ஒருவருடைய தயாள மனசிலிருந்து வந்ததாகச் சுருங்கிவிடுகிறது.

இதே ஊரில் இன்னொருவருக்கும் அரசாங்கம் மணிமண்டபம் எழுப்பியிருக்கிறது. சங்கரலிங்கனார். 1956 ஜூலை 27-இல் விருதுநகரில் உண்ணாவிரதம் தொடங்கி, எழுபது நாட்களுக்கு மேல் பட்டினி கிடந்து, அக்டோபர் 13-இல் இறந்தார். அப்போது முதலமைச்சர் காமராஜ். மெட்ராஸ் ராஜ்யத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்க வேண்டும் என்பதற்காக உயிர்விட்டவர் என்று எல்லோரும் அறிவார்கள். அவர் வைத்த கோரிக்கைகள் பன்னிரண்டு என்பதை அநேகர் அறியமாட்டார்கள். அரசியல் தலைவர்கள் ஆடம்பரத்தை விட வேண்டும், ரயிலில் எல்லோருக்கும் ஒரே வகுப்புதான் இருக்க வேண்டும், உழுகிறவனுக்கு விளைச்சலில் நூற்றுக்கு 60 பங்கு வேண்டும் என்பவையும் அவற்றில் உண்டு. தன் உடலைக் கம்யூனிஸ்ட் கட்சியிடம் கொடுத்துவிட வேண்டும் என்று எழுதிவைத்தார். கே.டி.கே. தங்கமணியும் கே.பி. ஜானகியம்மாளும் பெற்றுக்கொண்டார்கள். அவர் காந்தியவாதி, காங்கிரஸ்காரராக இருந்தவர்.

1969 ஜனவரி 14-இல் ராஜ்யத்தின் பெயர் மாறியது. பன்னிரண்டில் ஒன்று பெயராக நிறைவேறிற்று. மற்றவை பலவும் ஞாபகத்திலிருந்தே போயின. பெயர் மாற்றியவர்கள் அவரை மொழித் தியாகியாக எடுத்துக்கொண்டார்கள். 60 பங்கு கேட்டவரை எடுத்துக்கொள்ள ஆளில்லை. இந்த இரு நினைவிடங்களையும் சேர்த்துப் படித்தால்தான் விருதுநகர் புரியும். ஒருவரிடத்தில் எளிமை குணமாக வைத்துப் போற்றப்படுகிறது. இன்னொருவர் எளிமையை அதிகாரத்தின்மேல் ஒரு கோரிக்கையாக வைத்தார். கூடவே விளைச்சலில் பங்கையும் கேட்டார். இருவரையும் ஒரே அறையில் வைத்திருந்தால் அந்த அறை பேசத் தொடங்கியிருக்கும். தனித்தனி மண்டபங்களில் இருவரும் மௌனமாக இருக்கிறார்கள்.

சோஷலிஸத்தை விட்டு வெளியேறிய தேசங்கள் என்ன செய்தன என்பதையும் பார்த்தால் நம் நிலை தெளிவாகும். புடாபெஸ்டில் 1993-இல் லெனின், மார்க்ஸ் சிலைகளையெல்லாம் பெயர்த்து நகரத்துக்கு வெளியே ஒரு பூங்காவில் நிறுத்தினார்கள். அதே நகரில் 2002-இல் ரகசியப் போலீஸ் இருந்த கட்டிடம் ‘பயங்கரத்தின் இல்லம்’ என்ற மியூசியமாயிற்று. நாஜி ஆதரவாளர்களும் கம்யூனிஸ்டுகளும் அங்கே ஒரே கூரையின் கீழ். 2006-இல் பெர்லினில் திறந்த கிழக்கு ஜெர்மன் மியூசியத்தில் டிராபன்ட் காரில் உட்காரலாம், அந்தக் காலத்துச் சமையலறையின் இழுப்பறைகளைத் திறந்து பார்க்கலாம். ஒன்று கேலி, ஒன்று குற்றப்பத்திரிகை, ஒன்று ஏக்கம். மூன்றுக்கும் குறை சொல்லலாம். ஆனால் மூன்றும், கணக்கு முடிந்துவிட்டது என்று தேதி போட்டு எழுதிய பின் எழுந்தவை. சுவர் இடிந்த நாள் அவர்களுக்கு உண்டு.

நம்முடையது வேறு விஷயம். இங்கே புரட்சியும் இல்லை, ரகசியச் சிறைகளின் ஆட்சியும் இல்லை. தேர்தல் நடந்தது. 1967-இல் காமராஜையே அவர் ஊர் ஒரு மாணவர் தலைவரிடம் 1,285 ஓட்டில் தோற்கடித்தது. வங்கிகளைத் தேசியமயமாக்கிய 1969-லேயே காங்கிரஸ் பிளந்தது. புவனேஸ்வரத்தில் சோஷலிஸத் தீர்மானத்துக்குத் தலைமை வகித்தவர், தேசியமயமாக்கியவர்களுக்கு எதிரணியில் நின்றார். அவர் 1975 அக்டோபர் 2-இல் காலமானார். அடுத்த வருஷம் 42-ஆவது திருத்தத்தில், நெருக்கடி நிலையில், ‘சோஷலிஸ’ என்ற சொல் அரசியல் சாசனத்தின் முகப்புரையில் நுழைந்தது. 1991-இல் பொருளாதாரம் வேறு திசையில் திரும்பியது. சொல் அப்படியே நின்றது. அதை நீக்கக் கேட்ட மனுக்களை 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் தள்ளுபடி செய்தது. திட்டக் கமிஷன் போய் 2015 ஜனவரியில் நீதி ஆயோக் வந்தது. நேரு வாழ்ந்த தீன்மூர்த்தி பவனத்தில் அவருக்கென இருந்த மியூசியம் 2022 ஏப்ரலில் எல்லாப் பிரதமர்களுக்குமான மியூசியமாயிற்று. நேருவைக் குறைத்துவிட்டார்கள் என்று ஒரு சாரார் கோபித்தார்கள். எனக்கு வேறொன்று படுகிறது. பழையது ஒரு மனிதர். புதியது வரிசையாகப் பல மனிதர்கள். இரண்டிலும் சரித்திரம் என்பது பதவியில் இருந்தவர்களின் வாழ்க்கை. விருதுநகர் வீட்டின் இலக்கணத்தைத்தான் டில்லியும் கடைப்பிடிக்கிறது.

இங்கே சோஷலிஸ காலத்தின் முடிவுக்கு ஒரு நாளைக் குறிப்பிட முடியாது என்பார்கள். எங்கள் பகுதிக்கு முடியும் என்று நினைக்கிறேன். அதற்குச் சிவகாசிக்குப் போக வேண்டும்.

1899-இல் சிவகாசியில் சூறையாடப்பட்ட சமூகத்திலிருந்து பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினார்கள். அவர்களுக்கு எதிரே ஸ்வீடன் நாட்டு முதலின் விம்கோ கம்பெனி, இயந்திரங்களோடு. கையால் செய்கிற சிறு உற்பத்தி அதன் முன்னால் நிற்க முடிந்ததற்கு முக்கியக் காரணம் சர்க்கார். சுதந்திர இந்தியா கைத்தொழிலுக்குக் குறைந்த கலால் வரி, இயந்திரத்துக்குக் கூடுதல் வரி என்று வைத்தது. பிறகு சில பொருட்களைச் சிறுதொழில்கள் மட்டுமே செய்யலாம் என்று ஒதுக்கியது. 1967-இல் தொடங்கிய அந்தப் பட்டியல் ஒரு கட்டத்தில் 800-ஐத் தாண்டியது. ஏகபோகத்துக்கு எதிராகச் சிறியவனைக் காப்பது: ஆவடியில் பேசியது பரிபூரணமாக நடந்த இடம் ஒன்று உண்டென்றால் அது இந்தக் கரிசல் மண். நேரு சொன்னதாக எல்லோரும் மேற்கோள் காட்டும் ‘குட்டி ஜப்பான்’ பட்டத்துக்குப் பின்னால் இந்த வரிவிகிதம் இருக்கிறது.

பட்டியலைப் பின்னால் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைத்தார்கள். கடைசியில் எஞ்சியவை 20 பொருட்கள். அவற்றில் தீப்பெட்டி ஒன்று, பட்டாசு ஒன்று, பள்ளி நோட்டுப் புத்தகம் ஒன்று. மூன்றும் சிவகாசி. 2015 ஏப்ரலில் ஓர் அறிவிப்பில் அந்த 20-ம் போயின. 2020 ஏப்ரலில் கைத்தீப்பெட்டிக்கும் இயந்திரத் தீப்பெட்டிக்கும் ஒரே வரி ஆயிற்று. சுவர் எதுவும் இடியவில்லை. காகிதத்தில் சில வரிகள். எங்கள் பகுதியில் சோஷலிஸ காலம் முடிந்த நாட்கள் அவை. யாரும் கொடி இறக்கவில்லை.

இப்போது அம்மாவின் கேள்வி. சிறியவனைக் காப்பாற்றும் சட்டம் சிறியவன் யார் என்று இயந்திரத்தையும் முதலீட்டையும் உற்பத்தியையும் அளந்து பார்த்தது. உடனே பெரியவர்கள் சட்டப்படி சிறியவர்களாகிக்கொண்டார்கள். ஒரே குடும்பம், பல பெயர்கள், பல லைசென்ஸ்கள். இயந்திரம் கூடாது என்றால் கை வேண்டும். குறைந்த கூலிக்குக் கிடைக்கும் கை எது? சின்னக் கை. விடியும் முன்னே கிராமங்களுக்குப் பஸ் வந்தது. 1976-இல் அப்படிக் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு தீப்பெட்டி ஆபீசுக்குப் போன பஸ் ஒன்று விபத்துக்குள்ளாகிக் குழந்தைகள் செத்துப்போனார்கள். ஹர்பன்ஸ் சிங் கமிட்டி விசாரித்தது. சாசனத்தில் ‘சோஷலிஸ’ என்று எழுதிச் சேர்த்ததும் அதே 1976. அம்மாவுக்கு அப்போது வயது பதினொன்று. அவள் ஏறியது வேறு பஸ். இதற்குமேல் அதைப் பற்றி அவள் பேசமாட்டாள்.

கொள்கையே மோசம், சந்தையிடம் விட்டிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று சொல்ல இதை எழுதவில்லை. விம்கோ ஜெயித்திருந்தால் எங்கள் கிராமங்கள் மழையில்லாத வருஷங்களில் என்ன தின்றிருக்கும் என்று எனக்கு ஒரு பதிலும் தோன்றவில்லை. குழந்தைகளை ஆபீசிலிருந்து வெளியே கொண்டுவந்ததிலும் அரசுக்கும் கோர்ட்டுக்கும் பங்குண்டு. 1986-இல் சட்டம்; சிவகாசி பற்றிய எம்.சி. மேத்தா வழக்கில் 1996 டிசம்பரில் தீர்ப்பு, குழந்தை ஒன்றுக்கு முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று. அம்மா மூன்று வருஷம் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்ததும் அரசின் சோற்றால். நாலாம் வருஷம் எழுந்து போனதில் அரசின் வரிக்கும் பங்குண்டு. இரண்டும் ஒரே காலத்தின், ஒரே லட்சியத்தின் காரியங்கள். இந்த முரண்பாட்டைச் சேர்த்துக் காட்டாத நினைவில்லம் பொய் சொல்லவில்லை, பாதியைச் சொல்கிறது.

மீதிப் பாதி எங்கேயும் பதிவாகவில்லை என்றும் சொல்ல முடியாது. சலம் பென்னூர்கர் 1990-இல் எடுத்த ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ இருக்கிறது. பூமணி இயக்கிய ‘கருவேலம்பூக்கள்’ இருக்கிறது. அவருடைய ‘அஞ்ஞாடி’யில் 1899 இருக்கிறது. கலைஞன் செய்துவிட்டான் என்று நாம் திருப்திப்பட்டுக்கொள்ளலாம். ஆனால் இவற்றைப் பார்த்தவர்கள், படித்தவர்கள் எத்தனை பேர்? பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப் பஸ்ஸில் கூட்டிப் போவது நினைவில்லத்துக்குத்தான். கீழ்வெண்மணியில் 1968-இல் எரிக்கப்பட்ட 44 பேருக்கு அவர்கள் கட்சி பெயர் பொறித்துக் கல் நாட்டியது. 2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்துச் செத்த சுமார் நாற்பது பேரின் பெயரை ஒருசேர எழுதிய கல் எதுவும் என் கண்ணில் பட்டதில்லை. மியூசியம் என்பது அந்த மாதிரிக் கல்லையும் சேர்த்ததுதான்.

என் வேலையும் அந்தக் காலத்தின் மிச்சம். 1969 ஜூலை 19-இல் 14 வங்கிகளைத் தேசியமயமாக்கியிராவிட்டால் தீப்பெட்டி ஆபீஸ்காரியின் மகன் வங்கிக் கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பானா என்பது சந்தேகம். ஒவ்வொரு ஜூலை 19-லும் எங்கள் சங்கம் வாசலில் தட்டி வைக்கிறது. உள்ளே, முன்னுரிமைக் கடன் கணக்கில், பல பெயர்களில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த சிறுதொழிலதிபர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார்கள். வாசலில் இருப்பதற்கும் உள்ளே நடப்பதற்கும் நடுவில் உட்கார்ந்துதான் நான் எழுதுகிறேன். அதனால் யாரையும் அம்பலப்படுத்தும் தோரணை எனக்குப் பொருந்தாது.

அந்த வீட்டில் ஒரு பொருளைச் சேர்த்து வைக்கச் சொன்னால் எதை வைப்பேன் என்று யோசித்தேன். முன்பெல்லாம் தீப்பெட்டியின் மேல் பேண்ட்ரோல் என்று ஒரு மெல்லிய காகிதத் துண்டு ஒட்டுவார்கள். கலால் வரி கட்டியாயிற்று என்பதற்கு அடையாளம். கைத்தொழிலுக்கு இவ்வளவு, இயந்திரத்துக்கு இவ்வளவு என்று வகுத்த கொள்கை முழுவதும் அந்தத் துண்டில் அடங்கியிருந்தது. அதைப் பசை தடவி ஒட்டியவர்களில் அம்மாவும் உண்டு. ஆவடித் தீர்மானம் அவள் விரலைத் தொட்டது அந்த ஒரு வழியில்தான். காமராஜின் சட்டைக்குப் பக்கத்தில் அந்தக் காகிதம் ஒன்றை வைக்கலாம். யாரிடம் இருந்தது என்ற கேள்விக்கு அது பதில் ஆகாது. ஆனால் அந்தக் கேள்வி செருப்பு மாட்டும் இடத்தில் எழாமல், உள்ளே, அவர் முன்னாலேயே எழும். அவர் அதற்குச் சங்கடப்பட்டிருக்கமாட்டார் என்றே நினைக்கிறேன்.